தீவட்டியை அணைக்கச் சொன்ன ராணி

எழுத்து வேலை எனக்கு வராது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பெரியவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். மனதிலேயே வைத்திருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்பு, அக்கரப்பத்தனைப் பக்கம் நான் வேலை செய்யும் தோட்டத்தில் நடந்தது இது. ஆனால் அதற்கு முந்திய கதையை முதலில் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது நோர்வூட் பக்கம். தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. இளவயதில் ஒரு நாள் மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசிவிட்டேன். நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கே பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அப்படி நீக்கப்பட்டவன் அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கால் வைக்கக் கூடாது. பிடிபட்டால் பொலிஸில் கொடுப்பார்கள். இடம் கொடுத்த வீட்டுக்காரர்களின் பேரும் வேலைப் பதிவிலிருந்து வெட்டப்படும்.

டவுன் கடை வாசல்களில் சில நாள் கிடந்துவிட்டு, ஒரு மழைநாள் பொழுது சாயும் நேரத்தில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா குப்பி லாம்போடு கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தாள். லாம்பை ஊதி அணைத்துவிட்டு, "இங்க யாரும் வரல" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் கதவை அடைத்துவிட்டாள்.

நான் தேயிலைக்குள் ஏறிக் குறுக்குப் பாதையில் போகும்போது திரும்பிப் பார்த்தேன். காவற்காரனின் டோர்ச் வெளிச்சம் நேராக அக்கா வாசலில் வந்து நின்றது. அக்காவே சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பிறகு அக்கரப்பத்தனைக்கு வந்து வேலை தேடிக்கொண்டேன். அக்கா மகளின் சடங்குக்கு ஆள் அனுப்பியும் நான் போகவில்லை.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரு பழைய ராஜா நாடகம் போடுவார்கள். வாய்ப்பாடமாக வந்த நாடகம். ராணியின் தம்பியை ராஜா நாடு கடத்தியிருப்பார். அவன் அக்காவைப் பார்க்கக் கோட்டை வாசலுக்கு வருவான். ராணி தீவட்டிக்காரனோடு வந்து, அவனைக் கண்டதும், "தீவட்டியை அணை! வாசலில் யாருமில்லை, கதவை அடை!" என்று உத்தரவு போடுவாள். ஏன் என்று நாடகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் ராணியைத் திட்டி மண்ணை வாரித் தூற்றுவார்கள். அப்படித் தூற்றினால்தான் ராணி வேஷக்காரன் நன்றாக நடித்தான் என்று பேர்.

அந்த வருஷம் ராணி வேஷம் எனக்கு வந்தது. ஒல்லி உடம்பு, மெல்லிய குரல். வேறு எந்த வேஷமும் வேண்டாம் என்றிருப்பேன். இதை மட்டும் ஒத்துக்கொண்டேன். என் அக்காவை நாலு பேர் முன்னால் திட்டு வாங்க வைப்பது போல எனக்கு அதில் ஒரு திருப்தி.

ஞாயிறு மத்தியானங்களில், கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஒத்திகை நடக்கும். நான் உதட்டைக் கோணிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னதும் கூத்து வாத்தியார் தலையில் கை வைத்தார்.

"ராணி மாதிரி நில்லுய்யா. கொழுந்து பத்தலைன்னு வையிற கங்காணி மாதிரி நிக்கிறியே."

எல்லோரும் சிரித்தார்கள். தீவட்டிக்காரன் வேஷம் போட்ட என் சிநேகிதன் மட்டும் சிரிக்கவில்லை. தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவன்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம். விரட்டணும்னா வெளிச்சத்துலயே விரட்டலாமே. தீவட்டிய ஏன் அணைக்கச் சொல்றா?"

"ஒனக்கு வசனமே இல்ல. ஒனக்கு எதுக்குடா சந்தேகம்?" என்றார் வாத்தியார்.

"வசனம் இல்லாததுனாலதாங்க பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

நான் சொன்னேன்: "தம்பி மொகத்தப் பாக்கக் கூசுது. அதான் அணைக்கச் சொல்றா."

"கூசுறவ வாசலுக்கே வரமாட்டா மாப்பிள, சேடிய அனுப்பிச்சிருப்பா. முந்தின பாட்டுல ராசா என்ன செய்றாரு? மதில் மேல வில்லுக்காரங்கள நிறுத்திட்டுத்தான போறாரு. தம்பி மேல வெளிச்சம் விழுந்தா அம்பு விழும். யாருமில்லன்னு எதுக்குச் சத்தமாச் சொல்றா? எதுத்தாப்புல நிக்கிறவனுக்கா? மேல நிக்கிறவனுக்கு."

"எங்கப்பா காலத்துலேருந்து அவ கெட்டவடா" என்றார் வாத்தியார். ஆனால் அந்தப் பாட்டை வாய்க்குள் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தார். "சரிதான் போலருக்கே" என்றார்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அக்கா வீட்டு வாசல் லயத்துக் கோடியைப் பார்த்தது. டோர்ச் வெளிச்சம் அந்தக் கோடியிலிருந்துதான் வந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். அதைப் பார்த்து நின்றவள் அவள். இத்தனை வருஷமும் இது எனக்குத் தோன்றவேயில்லை. வசனத்தை மறுபடி சொல்லச் சொன்னார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பீலிக்கரையில் முகம் கழுவினேன்.

திருவிழாவில் கோட்டை வாசல் வந்தபோது நான் தம்பியைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டே, "தீவட்டியை அணை" என்றேன். குரல் நடுங்கியது நடிப்பில்லை. முன்வரிசைப் பெண்கள் மண்ணை எடுத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "அவளும்தான் என்ன செய்வா" என்று ஒரு குரல் கேட்டது. மண் விழவில்லை. வாத்தியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒருவர் நம் முன்னால் கதவை அடைத்தால், அவர் கண் அப்போது எங்கே பார்த்தது என்று யோசித்துவிட்டுத்தான் இன்றைக்கும் நான் கோபப்படுகிறேன். முக்கால்வாசி நேரம் கோபம் வருவதில்லை.

விடிந்துதான் நாடகம் முடிந்தது. அந்தக் காலையிலேயே பஸ் பிடித்து ஹட்டன் போய், அங்கிருந்து நோர்வூட் போனேன். பழைய துரை மாறிவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. அக்கா கொழுந்தெடுத்துவிட்டு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னடா இது, கண்ணுல மை?"

"ராணி வேஷம் போட்டேன்க்கா. சரியாக் கழுவல."

"அன்னிக்கு அந்தக் காவக்காரன்..." என்று தொடங்கினேன்.

"அது கெடக்கட்டும். உள்ள வா" என்றாள்.

லாம்பை ஏற்றினாள். ரொட்டி சுட்டாள். சாப்பிட்டோம்.