துணி காயப்போடாத அக்கா

எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் கம்பெனி. என் வீட்டுக்காரர் உட்பட தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதும் அதுதான். கரி விழத் தொடங்கினால் பெண்கள் எல்லோரும் மாடிக்கு ஓடி, கொடியில் கிடக்கும் துணியை வாரிக்கொண்டு வருவோம். அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். கம்பெனி மேல் புகார், தண்ணீர் லாரிச் சண்டை, மீன் விலை, எல்லாம் அதில்தான். பார்க்கச் சகிக்காது.

பிறகு ஒரு அக்கா வந்தார். பக்கத்துத் தெருவில் குடிவந்திருப்பதாகச் சொன்னார். கம்பெனிப் புகைக்கு எதிராகத் தாய்மார் இயக்கம் என்று புது குரூப் தொடங்கி எங்களைச் சேர்த்தார். அழகான படங்கள், பிழையில்லாத கோஷங்கள். எனக்கும் பிடித்துத்தான் போனது, பொய் சொல்வானேன்.

ஒரு சாயங்காலம் கரி கொட்டியது. "துணிய எடுங்கடி!" என்று குரூப்பே அலறிக்கொண்டிருக்க, அக்கா சூரிய உதயப் படத்தோடு "தூய காற்று நம் உரிமை" என்று அனுப்பினார். எங்கள் தெருவில் விழும் கரி அவர் தெருவில் விழாதா? தினம் கரி தின்பவள் முதலில் கொடியைத்தான் பார்ப்பாள். மறுநாள் அந்தத் தெருவில் விசாரித்தேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை.

நேரே எதிர்வீட்டுக்காரியிடம் ஓடினேன். கம்பெனியில் புகை வடிகட்டும் மெஷினை ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னது அவள் புருஷன்தான். அங்கே அவருக்கு காண்ட்ராக்ட் வேலை.

"அந்தக்காகிட்ட இன்னாடி சொன்ன?"

"ஒன்னியும் இல்லக்கா. மெஷின் மேட்டரு யாரு சொன்னாங்கன்னு தனியா கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரருதான்னேன். நமக்காகத்தான பேசிக்கினு கீறாங்க?"

அந்த வாரமே அவள் புருஷனைக் கம்பெனி கேட்டில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் வேறு கம்பெனிகளில் போய் நின்றார். பெயரைக் கேட்டதுமே ஆள் வேண்டாம் என்றார்களாம்.

அடுத்து அக்கா குரூப்பில் எழுதினார்: நிர்வாகத்துடன் பேசிவிட்டோம், தாய்மார்களுக்கு முழுத் திருப்தி. கீழே எங்கள் அத்தனை பேர் பெயரும். குரூப்பை விட்டு வெளியேறப் போனேன். வெளியேறினால் முதலில் அக்காவுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரியும் போட்டிருந்தாள். நானும் போட்டேன்.