விமானியின் கடைசி அறிவிப்பு

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் என்னோடு பயணிகள் பேருந்து ஓட்டியவர், முன்பு தென்னமெரிக்க நிறுவனமொன்றில் விமானியாக இருந்தவர். நெடிய, நரைத்த மனிதர். நான் அவரை அண்ணை என்றே கூப்பிடுவேன். வேலை முடிந்தால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவார். ஒருநாள் ஏனென்று கேட்டேன். அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன்.

"ரெண்டு சின்ன விமானத்தோட தொடங்கினனாங்கள். பிறகு கடல் தாண்டி இஞ்சையும் பறந்தனாங்கள். கடன் முத்தினதும் கடன் குடுத்தவங்கள் ஒவ்வொரு விமானமாப் பறிச்சுக்கொண்டு போட்டாங்கள். கடைசியா இஞ்ச இறங்கேக்க, அடுத்த நாள் கொம்பனியை மூடப்போறாங்கள் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும், 'திரும்பிப் போகேக்க சந்திப்பம்' எண்டு மைக்கில சொன்னன். சனம் கைதட்டினது."

"மூடப்போறதைச் சொல்ல வேண்டாமெண்டு மேலிடம் சொல்லியிருக்கும். உங்களில பிழையில்லை, அண்ணை."

"ஓம், சொன்னவைதான். ஆனால் அந்த விமானத்தில வந்த ஒரு தாய், திரும்பிப் போக வழியில்லாமல் பிள்ளையோட இந்த விமான நிலையத்து நிலத்திலதான் படுத்திருந்தா. நான் சீருடையைக் கழட்டிப்போட்டு அவவைக் கடந்து போனன்."

அன்று பின்னேரம் கைக்குழந்தையோடு வந்த பெண்ணொருத்திக்கு, அவரே இறங்கிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அவள் நன்றி சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை பெட்டி தூக்கினால் ஒரு நன்றியை அவரால் வாங்கிக்கொள்ள முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.