பாலமா, மேடா

எங்கள் மேஜரம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கே எனக்கு வாய் கூசும். நாளைக்கு எத்தனை பேருக்கு அடிபடும் என்று இன்றைக்கே கணக்குப் போடுகிற வேலை. எத்தனை கட்டில், எவ்வளவு ரத்தம், அறுவை சிகிச்சைக் கூடாரம் எந்த இடத்தில் என்று ராணுவத்துக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். டாக்டருக்குப் படித்தவர், ஆனால் கையில் ஊசியைத் தொட்டே பல வருஷமாகிறது. நான் அவருடைய உதவியாளன். "காயம் படறதுக்கு முன்னாடியே கட்டில் போடற மகராசி" என்று முகத்துக்கு நேரே கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

அன்று சிரிக்கவில்லை. விடிந்தால் படை இரண்டு பக்கமாகக் கிளம்புகிறது. ஒரு பிரிவு பாலத்துக்கு, இன்னொன்று மேட்டுக்கு. மேட்டுக்குப் போகிறவர்களில் அவருடைய தம்பியும் உண்டு. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு அறுவைக் குழு. இரண்டுக்கும் நடுவில் கூடாரம் போட்டுவிட்டால் இரு பக்கத்துக்கும் ஆகும் என்பது திட்டம். ஆம்புலன்ஸை ஓட்டிப் பார்த்து, நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லியும் விட்டார்கள்.

"ஆளைப் படுக்க வெச்சு ஓட்டினீங்களா?" என்று மேஜரம்மா டிரைவரைக் கேட்டார்.

"காலி வண்டிதாம்மா."

அடப்பாவிகளா! அவரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். "வயித்துல குண்டு பாஞ்ச ஆளுன்னு நெனச்சு ஓட்டு" என்றார். குழிக்குக் குழி வண்டி தவழ்ந்தது. முன்பு சொன்ன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆயிற்று. நடுவில் போட்டால் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் வழியிலேயே உயிர் போய்விடும்.

ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும். பாலத்தில்தான் அடி அதிகம் விழும் என்று அவர் போட்ட கணக்கே சொன்னது.

"மேட்டுப் பக்கம்னு எழுதுங்கம்மா. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"வாயை மூடு."

"கூடப் பொறந்தவன்மா!"

"பாலத்துக்குப் போறவங்க மட்டும் என்ன, வானத்துலேருந்து குதிச்சாங்களா?"

பாலம் என்றே எழுதினார். பாலத்து ஆட்களைத் தூக்கி வந்தாலே போதும் என்று, இருந்த ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் மேட்டுக்கு ஒதுக்கினார். கையெழுத்தும் போட்டார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

உத்தரவு படைக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலமே தம்பி போன் செய்தான். அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. எனக்கும் கேட்டது.

"அக்கா, ஆஸ்பத்திரி எங்க பக்கம் இல்லையாமே?"

"இல்லடா."

"நீயா போட்ட?"

"நான்தான்."

 

"சரி, கட்டுத்துணி கூடுதலா எடுத்துக்கச் சொல்றேன் பசங்ககிட்ட. அம்மா கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிடாதே."

போனை வைத்தாரோ இல்லையோ, மறுபடி அடித்தது. அம்மாதான். மேஜரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஆமாம்மா, அவன் பக்கத்துலதான் போட்டிருக்கேன். கூப்பிடு தூரம்மா. நீ சாப்பிட்டுப் படு."