நெட் கார்ப் பூஜ்யம்... சத்தம் மட்டும் பலம்!

போன வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலையையே நிறுத்தப் பார்த்தேன். ஸ்டிரைக் இல்லை, கோஷம் இல்லை... என் வயிறு!

சுகர் பார்டரில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நிமிஷமே எனக்குக் கால் மரத்தது, கண் மங்கியது. (வீட்டுக்கு வந்து டீ குடித்ததும் இரண்டும் சரியாகிவிட்டன.) சோறு கட். விருதுநகர் போனால் எண்ணெய்ப் பரோட்டா போடும் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அப்போதுதான் மனைவியின் தம்பி ஒரு கணக்குச் சொன்னான். எல்லாம் யூடியூப் படிப்பு.

"அத்தான், பாக்கெட்டுல மொத்த கார்ப், அதான் மாவுச்சத்து, போட்டிருக்கும். அதுல நார்ச்சத்தக் கழிங்க, சுகர் ஆல்கஹாலயும் கழிங்க. மிச்சம்தான் நெட் கார்ப்."

"ஆல்கஹாலா?" அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"போதையெல்லாம் இல்லக்கா. இனிப்புதான், உடம்புல ஒட்டாது."

ஒட்டாத இனிப்பு! சிவகாசியில் பிரஸ் நடத்துகிறவனுக்குத் தள்ளுபடியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா?

வீட்டில் ஒரு சுகர்ஃப்ரீ சாக்லேட் பெட்டி கிடந்தது. அந்த அட்டைப்பெட்டியை அடித்துக் கொடுத்ததே நாங்கள்தான். சாக்லேட் கம்பெனிக்காரர் சந்தோஷத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார். பின்பக்கம் அடியில் ஒரு வரி தங்க பார்டரை இடிக்கிறது என்று நான்தான் பொடி எழுத்தாக்கச் சொன்னேன். என்ன வரி? யார் கண்டார்கள்! எங்கள் தொழிலில் எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போமே தவிர, படிப்பதில்லை.

கழித்துப் பார்த்தேன். பூஜ்யம்! பூஜ்யத்தில் ஒன்று தின்றால் என்ன, ஒரு பெட்டி தின்றால் என்ன? காலி செய்துவிட்டு, தீபாவளி லேபிள் ஆர்டர் கேட்கக் கிளம்பினேன். அது கிடைத்தால்தான் இந்த சீசன் முழுக்க என் மெஷின் ஓடும்.

கம்பெனி முதலாளி அண்ணாச்சி நல்ல மூடில் இருந்தார். என் சாம்பிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போது...

கடகடகட!

அண்ணாச்சி நிமிர்ந்தார். போர்மேன் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் இடி என்றால் விளையாட்டில்லை. வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள்.

"வெயிலு கொளுத்துது மொதலாளி. ஆனா சத்தம் கேட்டுச்சே?"

"எனக்குந்தான்யா கேட்டுச்சு."

மறுபடியும் கடகட. இது நீளமான இடி.

"வெடிமருந்து ரூம நிறுத்தச் சொல்லிரவா?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஹார்ட்டா? குடலா? வாயைத் திறந்தால் மானமும் ஆர்டரும் போகும். மூடிக்கொண்டால் அத்தனை பேரின் அரை நாள் கூலி போகும்.

"அண்ணாச்சி... அது வானமில்ல. நான்தான்."

டாய்லெட் எங்கே என்றேன். போர்மேன் கையை நீட்டினார். வேலி ஓரம், வேப்பமரத்துக்கும் அந்தாண்டை! ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுக் கட்டுவது பாதுகாப்பு விதி... ஒத்துக்கொள்கிறேன். டாய்லெட் எந்தக் காலத்தில் வெடித்தது?

எடுத்தேன் ஓட்டம்.

"சார், இங்கன ஓடக் கூடாது! மெதுவா நடந்து போங்க!" போர்மேன் பின்னாலிருந்து கத்தினார்.

நடந்தேன். அந்த நடையைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "மானத்தப் பாக்காம உண்மையச் சொன்னீரே... ஆர்டர் உமக்குத்தான்யா! எச்சரிக்கை வரிய மட்டும் நல்லாப் பெருசா அடிச்சிரும்."

ஆர்டர் கிடைத்தும் பயம் போகவில்லை. கேட்டில் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஏதோ பெரிய வியாதி. பீரோ சாவி எங்க இருக்குன்னா..."

"மொதல்ல என்னத்தத் தின்னீக, அதச் சொல்லுங்க."

"ஜீரோ கார்ப்தான்! அந்த சாக்லேட்டு."

"பெட்டி முழுசுமா?"

காகிதத்தில் கழித்ததை எல்லாம் வயிறு மறக்காமல் கூட்டி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் லேசாகப் புரிய ஆரம்பித்தது.

"இருங்க, காலிப்பெட்டி இங்கனதான் கெடக்கு, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்... 'அதிகம் சாப்பிட்டால் பேதியாகலாம்'னு போட்டிருக்கே! எழுத்து எறும்பு கணக்கா இருக்கு. எந்தக் கூறுகெட்டவன் இம்புட்டுப் பொடிசா அடிச்சது?"

டவர் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.