நிஷிவாகி மிதித்த ரொட்டி

நிஷிவாகி மசாயோஷி முப்பத்தெட்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயிற்றுநருக்கென்று இருக்கும் தனி பிரேக்கின்மேல் வலது காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பது அவர் வேலை. ஒக்காயாமாவில் எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள்தான். இப்போதும் அவரைத் தெருவில் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

எழுபத்தோரு வயதுவரை சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை தண்ணீர் கொதிக்கவைப்பது. போன ஏப்ரலில் மனைவி கினுயோவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டாவது முறை ஏற்றிய பிறகு அவருக்குச் சாதம் வேகும் வாசனை ஆகாமல் போனது. குக்கரின் மூடி திறந்தால் போதும், குளியலறைக்கு ஓடுவார். நிஷிவாகி குக்கரை வராந்தாவில் வைத்துப் பார்த்தார். பிறகு துணியால் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். கடை ரொட்டியைக் கொடுத்தால் இரும்பைக் கடிப்பதுபோல் இருக்கிறது என்றார் கினுயோ.

ஜூன் மாதம் நாற்பத்தொரு கிலோ இருந்தவர் ஜூலையில் முப்பத்தொன்பதானார். முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப்போடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை தள்ளுவது நல்லதல்ல என்பதை டாக்டர் வாயால் சொல்லவில்லை. முகத்தால் சொன்னார்.

அப்போதுதான் நிஷிவாகி ரொட்டி சுடத் தொடங்கினார். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தார். மாவு, பால், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், கடைசியில் வெண்ணெய். தண்ணீரே சேர்க்காமல் பாலிலேயே பிசைவது. முதல் ரொட்டியைக் கதவு இடுக்கில் வைத்தால் கதவு நிற்கும். இரண்டாவதும் அப்படியே. மாவை நன்றாக அறைந்து பிசைய வேண்டும், ஒரு துண்டைக் கிள்ளி விரித்தால் விரல்ரேகை தெரியும் அளவுக்கு அது மெல்லிய ஜவ்வாகவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அறைந்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு, பலகைமேல், இருநூறு அறை. எண்ணிக்கொண்டே அறைவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் வீடு நான்காம் மாடி, என் வீடு அதற்கு நேர் கீழே மூன்றாம் மாடி. அந்த இருநூறும் என் தலைமேல்தான் விழுந்தன. எனக்கு அது தொந்தரவாகத் தோன்றவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்ப அதுவே கடிகாரம். ஏழாவது ரொட்டியோ எட்டாவதோ, நார்நாராகப் பிரிந்து வந்ததாம். கினுயோ ஓரத்தைத் தள்ளிவிட்டு நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பிய்த்துப் பிய்த்து ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டாராம். படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது நிஷிவாகி அதைத்தான் முதலில் சொன்னார். வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் முதல் வாரம் சுற்றுப்பலகை வந்தது.

சுற்றுப்பலகை என்பது கிளிப் வைத்த ஓர் அட்டை. குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்புகள் அதில் இருக்கும். படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எங்கள் படிக்கட்டில் பத்து வீடுகள். இந்த வருடம் படிக்கட்டுப் பொறுப்பாளர் நிஷிவாகி. அதனால் பலகை முதலில் அவர் வீட்டுக்கு வரும், அவர்தான் அதைச் சுற்றுக்கு விடவேண்டும். அந்த முறை, கொசுமருந்து அடிக்கும் தேதிக்கும் கோடை விழா கூட்டத்துக்கும் நடுவில் நான்கு வரி இருந்தது. 'மூன்றாம் படிக்கட்டுவாசிகளுக்கு: காலை நேரத்தில் தட்டும் ஓசை கேட்பதாகத் தகவல் வந்துள்ளது. ஒருவருக்கொருவர் அனுசரித்து நடந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.'

யார் வீடு என்று இல்லை. யார் சொன்னது என்றும் இல்லை. இங்கே அப்படித்தான் எழுதுவார்கள். தொப்பியைக் காற்றில் எறிவார்கள், தன் தலைக்கு அது பொருந்துகிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிஷிவாகி அதைப் படித்தார். முத்திரை குத்தினார். எதிர்வீட்டு மணியை அழுத்தித் தன் கையாலேயே கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு என் தலைக்குமேல் சத்தமில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் அந்தத் தொப்பியை நான்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு சின்னக் கல்லுரல் இருக்கிறது. காலையில் மிளகும் சீரகமும் அதில்தான் தட்டுவேன். ஊரைவிட்டு வந்து பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன், குப்பை நாள் மாறிப்போயிருக்குமோ, செருப்பை எந்தப் பக்கம் திருப்பி வைத்தேன் என்ற கவலையிலேயே பாதி ஆயுள் போகிறது. பலகையில் அந்த வரிகளைப் படித்ததும் என் காது சூடாகிவிட்டது. உரலைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். இரண்டு நாள் தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெண்பீச் ஜெல்லி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன், மன்னிப்புக் கேட்க. முதலில் தலைக்கு மேல் வீடு. பாதிப் படியில் நிஷிவாகி எதிரே இறங்கி வந்தார். கையில் பெட்டி. அதே கடை, அதே தாள், அதே ரிப்பன்.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

"ரொம்ப நாளா தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார்.

"இல்லைங்க, நான்தான் தினமும் காலைல சத்தம் போட்டேன்."

"நீங்களா? நீங்க என்ன சத்தம் போட்டீங்க?"

"மிளகு தட்டுவேன்."

அவர் யோசித்தார். "அது எனக்குக் கேட்டதே இல்லையே. நான் மாவை அறைஞ்சேன். இருநூறு தடவை. உங்க தலைமேல."

அப்போது மேலே, நிஷிவாகியின் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குரோசே என்ற இளம் தாய், மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அது நாங்கதாங்க. இவ கட்டில்லேர்ந்து குதிச்சுக்கிட்டே இருப்பா. மூணு நாளா இவளைக் குதிக்கவே விடலை. மன்னிச்சிடுங்க" என்றார். உள்ளே போய் அவரும் ஒரு பெட்டி எடுத்துவந்தார். அதுவும் ஜெல்லிதான்.

மூன்று பெட்டிகளோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது நிஷிவாகி வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நலிந்த குரல், ஆனால் சிரிப்புதான்.

"அப்பா, அவங்களை உள்ள கூப்பிடுங்க. படில நின்னு குனிஞ்சு குனிஞ்சு யாராவது உருண்டுடப் போறீங்க."

கினுயோ கணவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார். மகள் பிறந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், மகள் செண்டாய்க்குக் கல்யாணமாகிப் போன பிறகும் உதிரவில்லை. நிஷிவாகிக்கு அவர் 'அம்மா'.

குரோசே குழந்தையின் பாலைக் காரணம் சொல்லித் திரும்பிவிட்டார். நான் உள்ளே போனேன். கினுயோ சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையில் பருத்தித் தொப்பி. ஜன்னல் வெயில் அவர் கையை ஊடுருவிப் போவதுபோல் இருந்தது. மேசைமேல் அன்றைய ரொட்டி, ஒரு மூலையில் மட்டும் கிள்ளியிருந்தது.

"பாருங்க மங்கை சான். நாலு நாளா இவர் மாவைத் தடவித் தடவிப் பிசையறார். பூனைக்குட்டியைத் தடவற மாதிரி. ரொட்டி ரப்பரா வருது."

"சத்தம் போடக்கூடாது இல்ல" என்றார் நிஷிவாகி.

"நேத்து எடை பாத்தேன். முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. வர்ற செவ்வாய் இல்ல, அதுக்கு அடுத்த செவ்வாய் ஆஸ்பத்திரி."

இன்னும் ஒன்பது நாள். இருநூறு கிராம்தான் மிச்சம். அது ஒரு குவளைத் தண்ணீர்.

"மெஷின் வாங்கிடலாம்னு மக சொல்றா" என்றார் நிஷிவாகி என்னிடம். "அதுவும் தடதடன்னு ஆடுமாம். கடைக்காரரைக் கேட்டேன்."

கினுயோ சற்று நேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பா, பெரிய பிளாஸ்டிக் பை இருக்கில்ல, கெட்டியா? அதுல மாவைப் போட்டுக் கொண்டாங்க. பழைய துண்டும்" என்றார்.

"எதுக்கு?"

"மிதிக்கத்தான்."

கினுயோ பிறந்தது கடலைக் கடக்கும் பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம், ககாவா. அங்கே உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ்தான் எல்லாம். அந்த மாவு கைக்கு அடங்காது. பையிலோ பாய்க்கடியிலோ போட்டுக் காலால் மிதிப்பார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் கினுயோவும் தங்கையும் ஆளுக்கு நூறு மிதி மிதித்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார்களாம்.

"ரொட்டி மாவு உதோன் மாவு இல்லையே" என்றார் நிஷிவாகி. "இது ஒட்டும். புத்தகத்துல மிதிக்கச் சொல்லலை."

"புத்தகம் எழுதினவர் நாலாவது மாடில குடியிருந்திருக்க மாட்டார்."

புதிதாகப் பாலும் மாவும் கலந்து, பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டி, துண்டு சுற்றி நாற்காலிக்கு முன்னால் வைத்தார் நிஷிவாகி. கினுயோ உட்கார்ந்தபடியே, கம்பளிச் சாக்ஸ் போட்ட இரண்டு காலையும் அதன்மேல் வைத்து அழுத்தினார். மாவு அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார். நெற்றி வியர்த்தது.

"என் எடைக்கு இது சிரிக்குது" என்றார். "நீங்க ஏறுங்க."

நிஷிவாகி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தொம்தொம் என்று குதிக்கப் போனார்.

"மெதுவா. குதிகாலை வச்சு, அப்புறம் விரலுக்குக் கொண்டாங்க. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு. அவசரப்படாதீங்க. மூணு மடிப்பா மடிங்க. திருப்பிப் போடுங்க. ஏறுங்க."

"இதெல்லாம் நான் பிள்ளைங்களுக்குச் சொல்றது. கிளட்சை மெதுவா விடுன்னு."

"முப்பத்தெட்டு வருஷம் ஊரான் ஓட்ட, பிரேக்குமேல காலை வச்சிட்டு உக்காந்திருந்தீங்க. இப்பதான் காலுக்கு வேலை வந்திருக்கு."

சத்தமே இல்லை. பைக்குள் காற்று நெளியும் ஓசை மட்டும். நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டினாலே அம்மா கையில் கரண்டி எடுப்பார். தவறிப்போய்க் காலில் அரிசி பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இங்கே ஒருவர் நாளைய ரொட்டியின்மேல் நடைபயிற்சி செய்கிறார். கினுயோ என்னைக் கவனித்துவிட்டார்.

"உங்க ஊர்ல மிதிக்க மாட்டீங்களோ?"

"மாட்டோம்" என்றேன்.

"அப்ப எப்படிப் பிசைவீங்க?"

"கையாலதான்."

"கைக்கு அவ்வளவு பலம் இருந்தா நல்லதுதான்" என்றார், சற்றும் கிண்டலில்லாமல்.

இருபது நிமிடம் மாவைத் தூங்கவிட்டு, மறுபடி மிதித்து, வெண்ணெயைப் பைக்குள் போட்டு அதையும் மிதித்து, கடைசியில் நிஷிவாகி ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னல் பக்கம் விரித்தார். கிழியவில்லை. மாவுக்குப் பின்னால் அவர் விரல் மங்கலாகத் தெரிந்தது. கினுயோவிடம் கொண்டுபோய்க் காட்டினார். லைசென்ஸ் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கினுயோ அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை என் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே இரண்டு துண்டு. இன்னும் சூடு இருந்தது. சமையல்மேடையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிவந்தேன். பிறகு கதவைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, அம்மா பார்த்துவிடுவாரோ என்பதுபோல் ஒரு துண்டைப் பிய்த்தேன். இழுக்க இழுக்க நீண்டு, பஞ்சு பிரிவதுபோல் பிரிந்தது. பால் வாசனை. இரண்டையும் நின்றபடியே தின்றுவிட்டேன்.

வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதல் மாடியில் குழாய்ப் பெட்டியைத் திறந்து, எதையோ முடுக்கி, எதையோ மாற்றினார்கள். காலையில் தண்ணீர் திறந்தால் குழாய் டொக் டொக்கென்று அடித்துக்கொள்கிறதாம். முதல் மாடிக்காரர் ஜூலையிலேயே சங்கத்தில் சொல்லியிருக்கிறார். பலகையில் வந்தது அதுதான்.

சாயங்காலம் நிஷிவாகியிடம் சொன்னேன். அவர் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"குழாயா?"

"குழாய்தான்."

"அப்ப நான் மறுபடி அறையலாம்."

"தாராளமா. எனக்குக் கடிகாரம் இல்லாம இருக்கு."

அவர் முகம் மலர்ந்து உடனே சுருங்கியது. "அம்மா விட மாட்டா. 'காலைத் திருப்புங்க, மடிங்க, ஏறுங்க'ன்னு நாற்காலியில உக்காந்து உத்தரவு போடுறா. மாவு தூங்குற அந்த இருபது நிமிஷத்துல பசிக்குதுங்குறா. இன்னிக்கு ரெண்டு துண்டு, ஓரத்தோட."

"ஓரத்தோடயா?"

"ஓரத்தோட" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கப்பலின் உதிரிபாகப் பட்டியலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன், வரிசை எண்ணை இரண்டு இடத்தில் மாற்றிப்போட்டேன். மாலை வீட்டுக்கு வந்தபோது நிஷிவாகி கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். தபால் எடுக்க நின்றவர்போல் தெரியவில்லை.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு" என்றார். "அப்புறம் நர்ஸம்மா, கார்டிகனைக் கழட்டுங்கன்னாங்க. கழட்டினா. முப்பத்தெட்டு புள்ளி நாலு. அவங்க கீழ பார்த்தாங்க. அந்தக் கம்பளிச் சாக்ஸ். ஆகஸ்ட் மாசத்துல. ஒண்ணுமேல ஒண்ணா மூணு ஜோடி."

"ஐயோ."

"நான் சுவரைப் பார்த்துட்டு நின்னேன். அவ சொல்றா, 'இது எங்க ரொட்டி மிதிக்கிற சாக்ஸ், ராசி'ன்னு. நர்ஸம்மா சிரிக்கலை. கழட்ட வச்சுட்டாங்க."

பரீட்சை முடிவைச் சொல்லுமுன் மாணவரைக் காக்கவைப்பது அவருடைய பழைய வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானும் காத்திருந்தேன்.

"முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு" என்றார். "பாஸ். மருந்து ஏத்திட்டாங்க. மேல படுத்திருக்கா."

நான் குனிந்தேன். அவரும் குனிந்தார். இந்தமுறை கையில் பெட்டி இல்லை.

"நாளைலேர்ந்து மூணு நாள் எதுவும் இறங்காது. தெரியும்" என்றார். "நாலாம் நாள் பசிக்கும். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் மெத்துன்னு வருதான்னு பாக்கணும். பாலைக் கொஞ்சம் கூட்டியிருக்கேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாவு எழுந்துவிடும் என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை முதலில் வைத்துப் படியேறினார்.