திருகு வட்டமும் அண்ணன் ஷெட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று புகுந்த வீட்டில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. போன சித்திரை வரைக்கும் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாமகிரிப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கிறேன். சம்பளத்துக்கு ஒரு வேலை, ஆசைக்கு ஒரு வேலை. ஆசைக்குச் செய்வது இதுதான்: திரையில் தெரியும் பொத்தான், பட்டி, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகும் வட்டம் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கிற ஒரு நிரல் நூலகம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம். அதில் இன்னும் உறுதியாகாத பகுதி என் பொறுப்பு. புதிதாக வருவதெல்லாம் முதலில் அங்கேதான் கிடக்கும், எந்த நேரமும் மாறும். அதனால் அதைப் பயன்படுத்துகிறவர் தன் நிரலின் தலையில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: 'இது மாறும் என்று எனக்குத் தெரியும்.' எழுதாவிட்டால் நிரல் ஓடாது. அந்த வரியைக் கையெழுத்து மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் திருகு வட்டத்தை மாற்றினேன். அதுவரை வட்டம் முப்பதைக் காட்டினால் நிரலுக்கும் முப்பது என்றே சொல்லும். இனிமேல் முழு வட்டத்தில் எவ்வளவு தூரம் திருகியிருக்கிறது, நூற்றுக்கு எத்தனை என்று சொல்லட்டும், மற்றதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது என்று திருத்தினேன். நிரலில் அதைக் கூப்பிடும் பெயரையும் கூடவே மாற்றியிருக்க வேண்டும். மாற்றியிருந்தால் பழைய நிரல்கள் பழைய பெயரைக் காணோமென்று அங்கேயே நின்று கத்தியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டேன். அதனால் அவை சத்தமில்லாமல் ஓடின, தப்பாக ஓடின.

இரண்டாம் நாளே ஒருவர் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'உங்கள் வட்டம் இன்று வேறு எண் சொல்கிறது. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?' எந்த ஊர்க்காரரோ. எனக்குச் சுள்ளென்று ஏறியது. 'மாறும் என்று தெரியும் என நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு இங்கே வந்து அழுதால் எப்படி?' என்று போட்டேன். மேற்கொண்டு யாரும் பேச முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டியும் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. அண்ணனுக்கு எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோழி ஷெட். வரவே யோசித்தார்.

"வெயிலு இப்பிடிக் காயுது. ஷெட்ட உட்டுப்போட்டு எப்பிடி அம்மிணி வாரது?"

"தாய்மாமன் மடியில வெக்காம யாரு மடியில வெச்சுக் காது குத்தறதுங்கண்ணா? ஷெட்ட ஸ்கிரீன் பாத்துக்கும். நீங்க வாங்க."

அந்த ஸ்கிரீனை வைத்துக் கொடுத்தது நான்தான். உள்ளே என் திருகு வட்டம். அதை முப்பதில் வைத்துவிட்டால், சூடு முப்பதைத் தாண்டியதும் ஃபேன்கள் தானாக ஓடும். நம் வீட்டு ஷெட்தானே, புதுசை முதலில் இங்கேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று, ஞாயிறு விடியலில் நூலகத்தின் புது வடிவத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்படியும் செய்திருந்தேன். மாற்றியவளும் நான், இறக்கச் சொன்னவளும் நான். காதுகுத்து அமளியில் அது நினைவுக்கே வரவில்லை.

பந்தியில் அண்ணனுக்குப் பரிமாறிக்கொண்டே அந்த ஆளை வாயடைத்த கதையைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"உன்றகிட்ட வாயக் குடுத்தா உடுவியா நீயி!"

ரசத்துக்கு வந்திருப்பார், போன் அடித்தது. ஷெட்டில் முட்டை பொறுக்கும் அக்கா. "அண்ணா, கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க. ஃபேன் ஒண்ணும் ஓடலீங்க." அண்ணன் இலையைக்கூட மடிக்காமல் எழுந்தார். குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நானும் அண்ணியும் அவரோடு காரில் ஏறினோம்.

கோழி ஷெட் சத்தமில்லாமல் இருந்து நான் கண்டதில்லை. அன்று இருந்தது. கூண்டுகளில் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. உயிரோடு இருந்தவை இறக்கையை விரித்து மூச்சு வாங்கின. அண்ணி பட்டுச் சேலையோடு குடத்தைத் தூக்கித் தண்ணீரை வாரி அடித்தார். ஸ்கிரீனில் சூடு முப்பத்தொன்பது, வட்டத்தின் முள் முப்பது.

"நீ வெச்சது சரியாத்தான் காட்டுது. வயருதான் எங்கியோ போச்சு," என்று அண்ணன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் பைக்கில் பறந்து வந்து, ஸ்கிரீனை விலக்கி லைனை நேராகக் கொடுத்தார். அத்தனை ஃபேனும் சுழன்றன. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வட்டம் இருபதிலிருந்து நாற்பது வரை. முப்பது என்றால் நடுவில். நூற்றுக்கு ஐம்பது. சூடு ஐம்பதைத் தொடட்டும் என்று என் நிரல் காத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் எலக்ட்ரீஷியனைப் பிடித்துக்கொண்டார். "உன்ற வேல லட்சணத்துல எத்தன உசுரு போச்சு பாரு!"

"போன வாரங்கூடப் பாத்துட்டுத்தானுங்க போனேன்," என்றார் அவர். தலையைக் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்கிரீனை நோண்டுகிற மாதிரி நின்றேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் அப்போது ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்குத் திட்டு தீர்ந்து, எலக்ட்ரீஷியன் கிளம்பிவிட்டால் போதும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன பிறவி நான்! அண்ணன் மறுபடி அவர்மேல் பாயவும்தான் வாய் திறந்தது.

"அவரத் திட்டாதீங்கண்ணா. வட்டத்த நாந்தான் மாத்துனேன். வெளிய முப்பதுன்னு காட்டுது, உள்ளுக்குள்ள அம்பதுன்னு சொல்லுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "மாறும்னு ஒரு வரி எழுதோணும்னியே. இதுக்கும் எழுதீருந்தியா?"

"எழுதீருந்தேனுங்கண்ணா."

"எனக்குத் தெரியாதே, சாமி."

ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணன் எலக்ட்ரீஷியனிடம் போய், "மனசுல வெச்சுக்காதீங்க," என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தென்னைகளுக்கு அப்பால் குழி வெட்டினோம். செத்த கோழிகளைச் சாக்குச் சாக்காகக் கொட்டி, சுண்ணாம்பு தூவி மண்ணைத் தள்ளும்போது அண்ணன் மண்வெட்டியை நிறுத்தினார்.

"பந்தில சொன்னியே, ஒரு ஆள ஏசி உட்டேன்னு."

"ஆமாங்கண்ணா."

"அவரும் கோழி வெச்சிருந்தாரோ?"

"தெரியலீங்கண்ணா," என்றேன். "நான் கேக்கல."

அவர் மறுபடி மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வட்டம் பழைய பெயரில் பழையபடியே எண் சொல்லும்படி திருத்தினேன். புதுசுக்குப் புதுப் பெயர் வைத்தேன். பூட்டிய பக்கத்தைத் திறந்து, நான் பேசியது தப்பு, மன்னியுங்கள் என்று எல்லாரும் பார்க்க எழுதினேன். உங்கள் வட்டத்தை எதற்கு வைத்திருந்தீர்கள், ஏதாவது சேதம் ஆனதா என்றும் கேட்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஷெட்டில் இப்போது புதுக் கோழிகள். ஸ்கிரீனைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லியும் அண்ணன் கழற்றவில்லை. போன் செய்தால் கோழிகளைப் பற்றிச் சொல்வார், பாப்பாவைக் கேட்பார், வைப்பதற்கு முன்னால் அதையும் கேட்பார்.

"அந்த ஆளு ஏதாச்சும் எழுதுனாரா அம்மிணி?"

"இன்னும் இல்லீங்கண்ணா."