ஜாதிக்காய் வேலை செய்த நேரம்

அடையாற்றில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் இரவுக் காவல். தங்குவது தி.நகரில் பலர் சேர்ந்து எடுத்த ஒரு அறையில், ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர். ராத்திரியில் அது ஜவுளிக்கடையில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரருடையது. பகலில் என்னுடையது. ராத்திரி தரையில் மற்றவர்கள் படுப்பார்கள், கால் வைக்க இடமிருக்காது.

பகலில் கட்டில் காலியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் தூக்கம் வராது. ஜன்னலுக்குக் கதவில்லை, வெயில் நேராக முகத்தில் விழும். கீழே கடைக்காரர்கள் மைக்கில் கூவுவார்கள். முன்பெல்லாம் லாரி மேலேயும் பிளாட்பாரத்திலும் தூங்கியவன், கட்டிலில் புரண்டுகொண்டு கிடந்தேன். டூட்டியில் கண்ணயர்ந்ததை சூப்பர்வைசர் ஒருமுறை பார்த்துவிட்டார். இன்னொரு முறை பார்த்தால் வேலை கிடையாது என்றார்.

மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டேன். டாக்டர் சீட்டில்லாமல் தரமாட்டோம் என்றார்கள். அங்கிருந்த பெண் காரணம் மட்டும் சொன்னாள். மெலடோனின் என்று ஒன்று உடம்பிலேயே சுரக்குமாம், இருட்டினால்தான் சுரக்குமாம், வெளிச்சம் பட்டால் நின்றுவிடுமாம். அது சுரக்க வேண்டிய நேரத்தில் நான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவனுக்கும் இது புரிந்தது.

அப்புறம் மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக்கடை.

"தூக்கத்துக்கு அமுக்கராக் கிழங்குப் பொடி சாப்புடு நைனா, பால்ல. ஒரு மாசம் போனா தெரியும்."

"அதுக்குள்ள வேலை போயிடும்ணே."

"இன்னா அவசரம் உனக்கு? அப்போ ஜாதிக்காய்ப் பொடி. ஒரு சிட்டிகை, படுக்க சொல்லோ."

காலையில் டூட்டி முடிந்து வந்து, பாலில் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொரு சிட்டிகை. மதியம் வெறுத்துப்போய் ஒரு கரண்டி. ஜாதிக்காய் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே சீருடையை மாட்டினேன்.

பஸ்ஸில் நாக்கு வறண்டது. கேட்டைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் இன்னும் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது வெளியே வரிசையாகக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிரே சூப்பர்வைசர்.

"குடிச்சிட்டு வந்துகீறியா?"

"பால்தான் சார்."

குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். "இன்னாடா இது, கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி கீது?"

நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் வேலையை விட்டு அனுப்பவுமில்லை. "நாளையிலேருந்து பகல் டூட்டி. ராத்திரி ஒழுங்கா தூங்கு."

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள்.

"ராத்திரி டூட்டியே குடுங்க சார்."

"இப்போ தூங்கிக்கினு இருந்தவன் யாரு, நானா?"

"ராத்திரி எனக்குப் படுக்க இடமில்ல சார். கட்டில் அவரோடது."

தலையில் அடித்துக்கொண்டார். "சரி. இங்கேயும் தூங்காத, அங்கேயும் தூங்காத."

ராத்திரி டூட்டியே கொடுத்தார். கிளம்பும்போது நாற்காலியை மட்டும் மீட்டர் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.